புது கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறதா? 'போகப் போகச் சரியாகிடும்' என்பதை நம்பாதீர்கள்!

*வாங்கிய முதல் 30 நாள்களில் என்ன கவனிக்க வேண்டும், எதை எழுதிவைக்க வேண்டும், கடைக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும்?*

மதுரையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பி.காம் முடித்த மகள், வீட்டிலிருந்தபடியே நான்கைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதும் வேலையை ஆரம்பிக்கிறார். அதற்காக அம்மா, ஏலச்சீட்டு எடுத்த பணத்தில் 45,000 ரூபாய்க்கு ஓர் அசெம்பிள் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறார். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி ஆன் செய்தாகிவிட்டது.

மூன்றாவது நாள் மாலை. பாதி பில்களை என்ட்ரி போட்டு முடித்திருக்கும்போது திரை அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் நகரவில்லை. கீபோர்டில் எதைத் தட்டினாலும் பதில் இல்லை. வேறு வழியில்லாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி ஆன் செய்கிறார். ஒரு மணி நேர வேலை போச்சு. மறுநாளும் அதே கதை.

கடைக்கு போன் போடுகிறார். "அண்ணே, வாங்கி நாலு நாள்தான் ஆகுது. அடிக்கடி ஹேங் ஆகுதுண்ணே."

"புதுசுல அப்படித்தான்மா இருக்கும். போகப் போகச் சரியாகிடும்."

இந்த ஒரு வரியை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு 'அதெல்லாம் டைம் முடிஞ்சு போச்சும்மா' என்ற பதிலைக் கேட்டவர்கள் ஏராளம். கம்ப்யூட்டர், செருப்பு அல்ல. போடப் போடக் காலுக்குப் பழகிவிடாது. புது கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப ஹேங் ஆனால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பவருக்கே பணமும் மிஞ்சும், வேலையும் மிஞ்சும்.

புதுசில் எப்படிக் கோளாறு வரும்?

'புதுப் பொருளாச்சே, அதில் என்ன கோளாறு இருக்கப்போகிறது?' என்றுதான் எல்லோரும் நினைப்போம். எலெக்ட்ரானிக்ஸ் பொருள்களைப் பொறுத்தவரை நிஜம் வேறு. அவை கெட்டுப்போகும் வாய்ப்பை வரைபடமாகப் போட்டால், குளியல் தொட்டியின் குறுக்குவெட்டுபோல இருக்கும் என்பார்கள் இன்ஜினீயர்கள். ஆரம்ப நாள்களில் கோடு உயரமாக இருக்கும். நடுவில் பல வருடங்கள் தாழ்ந்து கிடக்கும். பொருள் வயதானதும் மறுபடி ஏறும்.

தயாரிப்பிலேயே நூலிழைக் குறையோடு வந்த பாகங்கள், சூடும் வேலையும் ஏற ஏற முதல் சில வாரங்களிலேயே தங்கள் குணத்தைக் காட்டிவிடும். அந்த வாரங்களைத் தாண்டிய பாகங்கள் பெரும்பாலும் நீண்ட நாள் உழைக்கும். அதனால்தான் முதல் மாதம் முக்கியம். ரிட்டர்ன் கொடுக்கும் வாய்ப்பும் அந்தக் காலத்தில்தான் கையில் இருக்கிறது.

ஹேங் ஒன்றல்ல, மூன்று வகை!

'ஹேங் ஆகுது' என்று மட்டும் சொன்னால், டாக்டரிடம் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னதுபோலத்தான். என்ன மாதிரி நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதல் வகை, ஒரே ஒரு புரோகிராம் மட்டும் நிற்பது. திரை வெளுத்து, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும். மவுஸ் நகரும், மற்றவை வேலை செய்யும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் அந்தப் புரோகிராமைத் தேர்ந்தெடுத்து 'எண்டு டாஸ்க்' கொடுத்தால் போதும். இங்கே சந்தேகம் அந்தப் புரோகிராம் மீதுதான்.

இரண்டாவது வகை, எல்லாமே சில நொடிகள் நின்று, பிறகு தானாக ஓடுவது. ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி தடுமாறுவது, ரேம் போதாமல் போவது, டிரைவர் கோளாறு ஆகியவை வழக்கமான காரணங்கள்.

மூன்றாவது வகை, மொத்தமாகச் செத்துப்போவது. இதைச் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. கீபோர்டில் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே உயிர் இருக்கிறது. திரை மட்டும் நின்றிருக்கலாம். அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும்; திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பலாம். அப்படிச் சரியானால், பிரச்னை கிராபிக்ஸ் பக்கம். கேப்ஸ் லாக் விளக்கே அசையவில்லை என்றால், முழு ஹேங். மெமரி, மதர்போர்டு, பவர் சப்ளை, டிரைவர் என்று சந்தேகப் பட்டியல் நீளும்.

எந்த வகையாக இருந்தாலும், உடனே பவர் பட்டனில் கை வைக்க வேண்டாம். ஐந்து நிமிடமாவது காத்திருங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி அணைத்தால் ஃபைல்கள் கெட்டுப்போகலாம். பிறகு அது தனிக் கோளாறாகி, முதல் கோளாறை மறைத்துவிடும்.

ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும்

கம்ப்யூட்டர் அருகில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஆறு விஷயங்களைக் குறியுங்கள்: தேதி, மணி, ஆன் செய்து எத்தனை நேரம் கழித்து, என்னென்ன திறந்திருந்தது, வெளியே என்ன செருகியிருந்தது, எப்படிச் சரியானது. முடிந்தால் நின்றுபோன திரையை செல்போனில் 20 நொடி வீடியோ எடுத்துவிடுங்கள். கேப்ஸ் லாக் தட்டுவதும் அதில் தெரியட்டும்.

இது வேண்டாத வேலையாகத் தெரியலாம். ஆனால், ஹேங் ஆவதில் ஓர் ஒழுங்கு தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. விண்டோஸ் 95, 98 இரண்டும் அணைக்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் 49.7 நாளில் நின்றுவிடும். என்ன கணக்கு இது? கம்ப்யூட்டர் ஆன் ஆனதிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கு, 429 கோடியைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பகுதிகள் குழம்பிவிடும். அந்தக் காலத்தில் 49 நாள் அணைக்காமல் ஓட்டியவர்கள் குறைவு என்பதால், இது பலர் கண்ணில் படவே இல்லை. பிறகு மைக்ரோசாஃப்ட் இதற்குத் திருத்தம் வெளியிட்டது.

வீட்டு கம்ப்யூட்டரின் ஒழுங்கு இவ்வளவு விசித்திரமாக இருக்காது. 'பென் டிரைவ் செருகினால் மட்டும்', 'வீடியோ ஓடும்போது மட்டும்', 'சும்மா விட்டு டீ குடித்துவிட்டு வந்தால் மட்டும்', 'பக்கத்து வீட்டு மோட்டார் போட்டால் மட்டும்' என்று ஏதாவது ஒன்று நோட்டில் தெரிந்துவிடும்.

முதல் இரண்டு நாள் விதிவிலக்கு

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். புது கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைத்ததும் விண்டோஸ் அப்டேட்கள் இறங்கும். டிரைவர்கள் இறங்கும். ஆன்டிவைரஸ் எல்லா ஃபைல்களையும் ஒரு சுற்று பார்க்கும். பழைய போட்டோக்களை காப்பி செய்திருந்தால், அவற்றைத் தேடுவதற்கான அட்டவணையும் தயாராகும். எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தால் கம்ப்யூட்டர் திணறும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவிகிதம் என்று காட்டினால் இதுதான் காரணமாக இருக்கலாம்.

எனவே, முதல் இரண்டு நாள் அப்டேட்கள் எல்லாம் முடியும்வரை ஓடவிடுங்கள். 'இனி அப்டேட் இல்லை' என்று விண்டோஸ் சொல்லும்வரை செக் செய்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். லேப்டாப்போடு இலவசமாக வந்த, 30 நாள் மட்டும் ஓடும் ஆன்டிவைரஸ் தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம். விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது. இரண்டு ஆன்டிவைரஸ் போட்டு வைப்பது கூடவே கூடாது.

ரேம் அளவையும் பாருங்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி போதும் என்று சொல்லப்பட்டாலும், பிரவுசரில் பத்து பக்கங்களைத் திறந்தாலே அது போதாது. அது கோளாறு இல்லை, பற்றாக்குறை. இவ்வளவும் சரியாக இருந்தும் மூன்றாவது நாளும் நின்றால், அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

கம்ப்யூட்டர் எழுதும் டைரி

நீங்கள் நோட்டில் எழுதுவதுபோல, விண்டோஸும் ஒரு டைரி எழுதுகிறது. ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால், 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று வரும். திறந்தால் நாள்வாரியாக ஒரு படம் தெரியும். பிரச்னை நடந்த நாளில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். அதன்மீது க்ளிக் செய்தால் எந்தப் புரோகிராம், எத்தனை மணிக்கு என்று காட்டும். எந்த நாளில் என்ன இன்ஸ்டால் ஆனது என்பதும் அதிலேயே இருக்கும். 'செவ்வாய்க்கிழமை பிரின்டர் டிரைவர் போட்டோம், புதன் முதல் சிவப்புக் குறி' என்பதுபோன்ற விஷயம் பளிச்சென்று தெரியும்.

இன்னும் விவரம் வேண்டுமானால் 'ஈவென்ட் வியூவர்'. இதில் 'கெர்னல் பவர் 41' என்ற வரியைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அதற்கு, 'முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றுபோய் மறுபடி ஆன் ஆனது' என்று மட்டுமே அர்த்தம். நீங்கள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்ததையும் அது அப்படித்தான் எழுதும். காரணத்தை அது சொல்லாது. ஆனால், 'டபிள்யூ.ஹெச்.இ.ஏ லாகர்' என்று எரர் இருந்தால், ஹார்டுவேரே புகார் செய்திருக்கிறது என்று பொருள். அதை போட்டோ எடுத்துவையுங்கள்.

சாஃப்ட்வேரா, ஹார்டுவேரா?

எல்லாக் கேள்விகளும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். சாஃப்ட்வேர் என்றால் வீட்டிலேயே சரிசெய்யலாம். ஹார்டுவேர் என்றால் கடைக்காரர் மாற்றித்தர வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்க மூன்று படிகள்.

முதல் படி, வெளியே செருகியிருப்பதை எல்லாம் கழற்றுங்கள். பிரின்டர், யுஎஸ்பி ஹப், வெப் கேமரா, பழைய பென் டிரைவ் எதுவும் வேண்டாம். கீபோர்டும் மவுஸும் மட்டும் இருக்கட்டும். ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள்.

இரண்டாவது படி, சேஃப் மோடு. ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் அந்த மெனுவுக்குப் போகலாம். இதில் மிக அவசியமான டிரைவர்கள் மட்டுமே ஓடும். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் நிற்கும் கம்ப்யூட்டர், சேஃப் மோடில் அரைநாள் நிற்காமல் ஓடினால் சந்தேகம் டிரைவர் மீதும் புரோகிராம்கள் மீதும் திரும்பும். கிராபிக்ஸ், வைஃபை, சிப்செட் டிரைவர்களை லேப்டாப் அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து மட்டும் எடுத்துப் போடுங்கள். 'டிரைவர் அப்டேட் செய்து தருகிறோம்' என்று வரும் மற்ற புரோகிராம்கள் வேண்டாம்.

மூன்றாவது படி, உபுண்டு. இலவசமாகக் கிடைக்கும் இந்த லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே கம்ப்யூட்டரை அதிலிருந்து ஓட்டலாம். உள்ளே இருக்கும் விண்டோஸையும் உங்கள் ஃபைல்களையும் அது தொடாது. தெரிந்த கல்லூரி மாணவர் யாராவது இருந்தால் அரை மணியில் செய்து கொடுத்துவிடுவார். உபுண்டுவிலும் அதேபோல நின்றால், விண்டோஸ் மீது பழி போட முடியாது. ஹார்டுவேர் மீதான சந்தேகம் வலுத்துவிட்டது.

ஒரே ஒரு விதியை மறக்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். டிரைவரையும் மாற்றி, ரேமையும் கழற்றி மாட்டி, ஃபார்மட்டும் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஃபார்மட் செய்தால் விண்டோஸ் எழுதிய டைரியும் போய்விடும்.

எந்தப் பாகம்?

ரேம்: சமையல் மேடைபோல, அப்போதைய வேலையைப் பரப்பிவைக்கும் இடம் இது. மேடையில் ஓரிடம் உடைந்திருந்தால், அங்கே பாத்திரத்தை வைக்கும்வரை தெரியாது. ரேமும் அப்படித்தான். நிறைய புரோகிராம்கள் திறந்திருக்கும்போது மட்டும் நிற்பது இதன் ஓர் அடையாளம். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' சோதனை இருக்கிறது. இன்னும் கறாரான சோதனை வேண்டுமென்றால் 'மெம்டெஸ்ட் 86' என்ற இலவசப் புரோகிராமைப் பென் டிரைவில் போட்டு, ராத்திரி முழுக்க ஓடவிடலாம். ஓர் எரர் வந்தாலும் அது பாஸ் இல்லை.

அசெம்பிள் கம்ப்யூட்டரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பயோஸ் செட்டிங்கில் 'எக்ஸ்.எம்.பி' அல்லது 'எக்ஸ்போ' ஆன் செய்யப்பட்டிருந்தால், ரேம் வழக்கத்தைவிட அதிக வேகத்தில் ஓடுகிறது. அதை ஆஃப் செய்ததும் ஹேங் நின்றுவிட்டால், அந்த வேகத்தை உங்கள் ரேமோ போர்டோ தாங்கவில்லை. அந்த வேகத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள் என்பதால், கடையில் கேட்கலாம்.

எஸ்எஸ்டி: ஃபைல் திறக்கும்போதும் சேவ் செய்யும்போதும் மட்டும் நிற்கிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவிகிதம் காட்டுகிறது, ஆனால் உண்மையில் எதுவும் காப்பி ஆகவில்லை என்றால் இதைச் சந்தேகிக்கலாம். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவசப் புரோகிராம் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதும் அதில் பெரும்பாலும் தெரியும். நேற்று வாங்கிய 'புது' டிஸ்க் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருந்தால், உங்களுக்கு விற்றது பழசு!

சூடு: பெரும்பாலான பிராசஸர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதைத் தொட்டதும் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். எனவே சூட்டால் முதலில் வருவது மந்தம். அதற்குமேல் போனால் திடீரென அணைந்துவிடும். லேப்டாப்பை மெத்தையில் வைத்தால் அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபடும். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை என்றால் கேட்கவே வேண்டாம். மேஜையில், ஃபேன் காற்று வரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். அசெம்பிள் கம்ப்யூட்டரில் பிராசஸர் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிடும் கூத்தும் நடக்கிறது.

கரன்ட்: கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறதா? எர்த் சரியில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இது கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் ஆபத்து. ஃபிரிட்ஜோ, மோட்டாரோ ஆன் ஆகும் நேரத்தில் மட்டும் நிற்கிறது அல்லது ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், வேறொரு லைனில் வரும் பிளக்கில் போட்டுப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் 'யுபிஎஸ் மோடு' சுவிட்ச் இருந்தால், கம்ப்யூட்டர் ஓடும் வீட்டில் அது அந்த மோடில்தான் இருக்க வேண்டும். இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்தால் நிற்காமல் ஓடுகிறது என்றால், குற்றவாளி கம்ப்யூட்டர் இல்லை.

பெரிய கம்பெனிகளும் தவறும்

பிராசஸரே தவறாக இருக்குமா என்றால், அபூர்வம்தான். ஆனால், நடந்திருக்கிறது. இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் கேம் நின்றுபோவது, கம்ப்யூட்டர் சுருண்டுவிடுவது எனப் பயனாளர்கள் மாதக்கணக்கில் புகார் சொன்னார்கள். பிராசஸருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போவதாக 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் மைக்ரோகோட் எனப்படும் திருத்தம் வந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்ட்டியை இரண்டு வருடம் நீட்டிப்பதாகவும் அறிவித்தது. திருத்தம், இனிமேல் கெடாமல் தடுக்கும். ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரைச் சரிசெய்யாது.

அதற்கு முன்பு, 2022 மார்ச்சில், சில ரைசன் கம்ப்யூட்டர்கள் நடுநடுவே சில நொடிகள் திக்கி நிற்பதை ஏஎம்டி ஒப்புக்கொண்டது. பாதுகாப்புக்காக இருக்கும் 'டிபிஎம்' என்ற அம்சம், போர்டில் உள்ள மெமரியோடு பேசும்போது வந்த சிக்கல் அது. பயோஸ் அப்டேட்தான் மருந்து.

உங்கள் கம்ப்யூட்டருக்குப் புதிய பயோஸ் வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்ப்பது இதனால்தான் முக்கியம். அப்டேட் நடக்கும்போது கரன்ட் போனால் போர்டே கெட்டுவிடலாம். யுபிஎஸ் இல்லாத வீட்டில் இந்த வேலையைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

பில் கையில் இருக்கிறதா?

இனி கடை. "பில் வேணாம்னா ஜிஎஸ்டி 18 சதவிகிதம் மிச்சம்" என்ற வார்த்தையில் மயங்கியவர்களுக்கு இங்கேதான் சிக்கல். பில் இல்லை என்றால், அந்தப் பொருளை அந்தக் கடையில் வாங்கியதற்கே ஆதாரம் திரட்ட வேண்டும். அசெம்பிள் கம்ப்யூட்டர் என்றால் ரேம், எஸ்எஸ்டி, போர்டு, எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றின் மாடலும் சீரியல் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும். வாரன்ட்டி காலம் பாகத்துக்குப் பாகம் மாறும்.

'ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று கடையில் போர்டு தொங்கலாம். ஆனால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வேறு விதமாகச் சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எழுதியிருந்தால் அதற்குள். எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள் கேட்கலாம். பில் தராமல் இருப்பதும் அதே சட்டப்படி நியாயமற்ற நடைமுறைதான்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால், பல தளங்கள் சில நாள்கள் மட்டுமே ரிப்ளேஸ்மென்ட் தருகின்றன. பெட்டியைத் திறந்த அன்றே கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். பெட்டி, தெர்மாகோல், ஸ்டிக்கர் எதையும் அதுவரை தூக்கிப் போட வேண்டாம். லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்க்ரூவில் கை வைக்கவும் வேண்டாம்.

கடைக்காரரிடம் போனில் சொன்னது நிற்காது. வாட்ஸ்அப்பிலோ இ-மெயிலிலோ தேதியோடு எழுதுங்கள். "இத்தனாம் தேதி வாங்கியது. இந்தத் தேதிகளில் இத்தனை முறை நின்றது. உபுண்டுவிலும் நிற்கிறது. மெமரி டெஸ்ட் போட்டோ, வீடியோ இணைத்திருக்கிறேன்" என்று எழுதினால், 'போகப் போகச் சரியாகிடும்' என்று சொல்வது அவருக்கும் கஷ்டம். சர்வீஸுக்குக் கொடுத்தால், எந்தக் கோளாறுக்காகக் கொடுத்தீர்கள் என்று எழுதிய ஜாப் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளின் விலை 5 லட்ச ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்...

முதலில், ஓடும்போதே முக்கியமான ஃபைல்களை காப்பி எடுத்துவிடுங்கள். சர்வீஸில் டிஸ்க்கை மாற்றினால், அதிலிருந்த போட்டோவும் கணக்கும் திரும்பி வராது.

அடுத்தது, பலருக்கும் தெரியாத ஒன்று. இப்போது வரும் பல விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினாலோ, சில சமயம் பயோஸ் அப்டேட் செய்தாலோகூட 48 இலக்க 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ' கேட்கும். அது இல்லை என்றால் சொந்த ஃபைலையே திறக்க முடியாது. பெரும்பாலும் இந்த எண், கம்ப்யூட்டரை முதலில் ஆன் செய்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இருக்கும். கடைப் பையன் தன் இ-மெயிலைப் போட்டு ஆன் செய்து கொடுத்திருந்தால், சாவி அவரிடம்தான்! முதல் நாளே உங்கள் அக்கவுன்டுக்கு மாற்றி, அந்த எண்ணை நோட்டில் எழுதிவையுங்கள்.

இது ஹேங் இல்லை, ஏமாற்று!

இன்னொரு வகை 'ஹேங்'கும் இருக்கிறது. ஏதோ ஓர் இணையப் பக்கத்தைத் திறந்ததும் திரை முழுக்கச் சிவப்பாக எச்சரிக்கை வரும். 'உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று சத்தம் போடும். எதுவும் நின்றுபோகவில்லை, பிரவுசர் மட்டும் முழுத்திரையை அடைத்திருக்கிறது. எஸ்கேப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். போகாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். அந்த எண்ணுக்கு மட்டும் போன் செய்யாதீர்கள். யாரோ சொன்ன புரோகிராமை இன்ஸ்டால் செய்து கம்ப்யூட்டரை அவர் கையில் கொடுத்துவிட்டு, பணம் போனது தெரிந்தால், உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

அந்த மதுரை வீட்டில்...

மகளின் நோட்டைப் புரட்டினால், ஆறு நாளில் ஒன்பது முறை. ஒன்பதிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. கணக்கு புரோகிராம், பிரவுசர், எக்ஸல் மூன்றும் சேர்ந்து திறந்திருந்தபோதுதான் நின்றிருக்கிறது. தனித்தனியாக ஓட்டியபோது ஒருமுறைகூட நிற்கவில்லை. ராத்திரி மெம்டெஸ்ட்டைப் போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் திரை முழுக்க எரர் வரிகள். போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்.

"சரிம்மா, கொண்டுவாங்க. புது ரேம் போட்டுத் தர்றேன்."

ரேமை மாற்றி எடுத்து வந்த பிறகும், அந்த நோட்டை அவர் தூக்கிப் போடக் கூடாது. 30 நாள் முடியும்வரை, 'இன்று நிற்கவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும். சீட்டுப் பணத்துக்கு அம்மா இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார் அல்லவா!